கேசட்டக்காவின் புது லேபிள்கள்

என் நாத்தனாரைத் தெருவில் எல்லாரும் 'கேசட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டுக் கேசட் விற்கிறாள் என்று நினைத்து யாராவது வாசலில் வந்து நின்றால் அவள் சிரிப்பாள், எனக்குத்தான் எரிச்சல் வரும். இது வேறு கேசட். டிவியில் மெஷினை மாட்டி ஆடுகிற பழைய வீடியோ கேம். அந்தக் காலத்து கேம் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். அதை மெஷினின் தலையில் சொருகினால் திரையில் ஓர் ஆள் ஓடுவான், குதிப்பான், குழியில் விழுந்து சாவான். படம் வரவில்லை என்றால் கேசட்டை எடுத்து அடியில் 'பூ பூ' என்று ஊதி மறுபடி சொருகுவார்கள். அப்படி ஊதி ஊதி எச்சில் பட்டுப் பச்சை பிடித்துப்போன கேசட்டுகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஊதின புண்ணியவான்கள் எல்லாரும் நன்றாக இருக்கட்டும். அவர்களால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அவள் என் கணவரின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றவள். சர்க்யூட் போர்டு செய்கிற ஆலையில் வரிசையில் உட்கார்ந்து சால்டரிங் செய்துகொண்டிருந்தாள். ஆலை இழுத்து மூடப்பட்டபோது மற்றவர்கள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். இவள் தன் சால்டரிங் கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு, வழியில் ஒரு லென்ஸ் விளக்கும் வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் பின்னறையில் துணி மடிக்கிற மேசை அன்றோடு அவளுடையதாகிவிட்டது. துணியெல்லாம் இன்றைக்கும் நாற்காலியில்தான் குவிந்து கிடக்கிறது, கேட்க நாதியில்லை.

நான் அதற்குமுன் ஒரு கூரியர் ஆபீசில் கவுண்டரில் இருந்தவள். மேனேஜரோடு ஒரு சண்டை, வேலையை விட்டேன். சண்டையின் விவரம் இங்கே வேண்டாம், தப்பு அந்த ஆள் மேல்தான். அதனால் எங்களுக்குள் வேலை தானாகப் பிரிந்துகொண்டது. வெளிநாட்டிலிருந்து கேசட்டும் மெஷினும் வாங்கி, பழுது பார்த்து, திரும்ப வெளிநாட்டுக்கே அனுப்பும் தொழில். பழுது பார்ப்பது அவள். பெட்டி கட்டுவது, சுங்கத்துக்குப் பேப்பர் எழுதுவது, வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நான்.

மல்லுக்கட்டுதான், வேறென்ன சொல்வது? ஒருத்தன் போன் பண்ணுவான்.

"சிஸ்டர், பார்சல் மேல கிஃப்ட்னு எழுதி அனுப்பிடுங்க. இங்க வரி போட்டுத் தாளிச்சுடறாங்க."

"கிஃப்ட்னா காசு வாங்காம குடுக்கணும் தம்பி. உங்ககிட்ட நான் வாங்கிட்டேனே?"

"சும்மா எழுதறதுதானே சிஸ்டர்?"

"உங்களுக்குச் சும்மா. கையெழுத்துப் போடறது நானு. நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

இன்னொருத்தர் ஒரே கேசட்டில் நூறு கேமைக் காப்பி அடித்துப் போட்டுத் தரச் சொல்வார். என் நாத்தனாருக்கு அதைக் கேட்டாலே முகம் சுருங்கிவிடும். "ரிப்பேர்தான் பண்ணுவோம், திருட மாட்டோம்னு சொல்லிடுங்க அண்ணி" என்பாள், லென்ஸிலிருந்து தலையை எடுக்காமலே. ஆடினதை நினைவில் வைக்கக் கேசட்டுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரியைத் தனியாகக் கவரில் போட்டு அனுப்பச் சொல்கிறவர்கள் வேறு. விமானத்தில் உதிரி பேட்டரி போகக்கூடாது, கேசட்டுக்குள் பற்றவைத்ததாக இருந்தால் கணக்கு வேறு என்று ஒவ்வொருத்தருக்கும் பாடம் எடுத்தே என் தொண்டை வறண்டுவிடும். என் கணவர் டீயும் கையுமாக வந்து எட்டிப் பார்த்து, "நம்ம வீட்டுல சட்டக் கல்லூரி ஆரம்பிச்சுட்டீங்க போல" என்று சொல்லிவிட்டுப் போவார். பேப்பர் விஷயத்தில் நான் அவ்வளவு கறார். ஆனால் எங்களை மாட்டிவிட்டது பேப்பர் அல்ல.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. லேபிள். கேசட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் படம் பழசில் கிழிந்து, கறை பிடித்து, யாரோ பல்லால் கடித்த மாதிரி இருக்கும். அதற்கு அவள் புது லேபிள் போடுவாள். நல்ல நிலையில் உள்ள ஒன்றைத் தேடிப்பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, நிறம் ஒத்துப்போகும் வரை அச்சுக் கடைக்காரரின் உயிரை எடுத்து, பளபளவென்று அடித்து வாங்கி வருவாள். ஒட்டுவதிலும் ஒரு பக்குவம். பழைய லேபிளைச் சுரண்டவே மாட்டாள், சுரண்டினால் பிளாஸ்டிக்கில் கோடு விழுமாம். அதன்மேல் வழவழப்பான ஒரு மெல்லிய தாளை வைத்து மூடி, புது லேபிளின் ஓரம் மட்டும் ஒட்டுகிற மாதிரி அழுத்துவாள். ஒட்டி முடித்ததும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறந்த குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். நான் கிண்டல் பண்ணினாலும் உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான். உள்ளே அவள் செய்யும் வேலை யாருக்குத் தெரிகிறது? லேபிள்தான் கண்ணுக்குத் தெரியும்.

அப்போதுதான் டிரைவர் ஐயா வந்தார். வந்தார் என்றால் போனில். கடல் தாண்டிய ஏதோ ஓர் ஊரில் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுதவே மாட்டார், எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். அவரும் கேசட் விஷயத்தில் எங்கள் கட்சி. சம்பளம் வாங்கும்போதெல்லாம் ஒன்று இரண்டாக வாங்கிச் சேர்த்தது முப்பதுக்கு மேல் இருந்ததாம். உள்ளே பேட்டரி செத்துக்கொண்டே வருகிறது, சிலது சொருகினால் வேலை செய்யவில்லை, மொத்தத்தையும் அனுப்புகிறேன் என்றார்.

"அம்மா, எனக்கு இதை விட்டா வேற பொழுது கிடையாது. வெளிய போறதும் கொறஞ்சுபோச்சு. இதெல்லாம் போயிட்டா நான் சும்மா நாற்காலியில உக்காந்துட்டு இருக்கற கட்டைதான். பாத்து, பத்திரமா திருப்பி அனுப்பிடுங்க."

அந்தக் குரலைக் கேட்டு என் நாத்தனார் உருகிப்போனாள். பேட்டரியைக் கழற்றினால் அவர் ஆடிச் சேமித்து வைத்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதால், பக்கத்தில் இன்னொரு பேட்டரியைக் கம்பியால் தொடுத்துவைத்து உயிர் போகாமல் மாற்றினாள். கேசட்டின் அடியில் வரிசையாக இருக்கும் உலோகக் கால்கள் ஒவ்வொன்றையும் ஸ்பிரிட்டில் துடைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருடைய லேபிள்கள் இருந்த கோலத்தைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"எல்லாத்துக்கும் புதுசு போட்டுடறேன் அண்ணி. காசு வேண்டாம். ஐயா பிரிச்சுப் பாத்தா அசந்துடணும்."

"கேட்டுக்கோ முதல்ல."

கேட்டாள். நாலு லேபிளைப் போட்டோ எடுத்து, கீழே 'இப்படி மாற்றட்டுமா' என்று எழுதி அனுப்பினாள். பதிலே இல்லை. அடுத்து வந்த வாய்ஸ் மெசேஜில் மழையைப் பற்றியும் முட்டி வலியைப் பற்றியும் பேசினாரே தவிர போட்டோவைப் பற்றி மூச்சு விடவில்லை. 'வேண்டாம்னு சொல்லலையே' என்று இவள் எல்லாவற்றுக்கும் ஒட்டி முடித்துவிட்டாள். நான் பெட்டி கட்டினேன். பழைய வீடியோ கேம், பழுது பார்த்துத் திருப்பி அனுப்புகிறோம் என்று வந்த பார்சலின் எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு குறை சொல்ல முடியாது.

போன பார்சல் கடல் தாண்டவே இல்லை, இங்கேயே சுங்கத்தில் நின்றுவிட்டது. போலிச் சரக்கு என்று சந்தேகம், நேரில் வந்து விளக்கம் சொல்லாவிட்டால் மொத்தமும் அழிக்கப்படும் என்று கடிதம் வந்தது. அதைப் படித்த என் நாத்தனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அழிச்சுடுவாங்களா? அவரோட கேசட்டையா? அண்ணி, அது அவரோடது!" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் பயம்தான். ஆனால் நான் பயந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அந்தச் சுங்க ஆபீசையே ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

வெளிநாட்டுப் பார்சல் பிரிவு நீளமான ஒரு கூடம். இரும்பு அடுக்குகள் நிறையப் பெட்டிகள், நடுவில் எக்ஸ்ரே மெஷின், ஓரத்தில் காலொடிந்த நாற்காலிகள். அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, எங்கள் கேசட்டுகளை மேசைமேல் வரிசையாக அடுக்கினார்.

"என்னம்மா எழுதியிருக்கீங்க? பழைய கேம்."

"ஆமா சார். பழசுதான்."

"இதைப் பாத்தா பழசு மாதிரியா இருக்கு? நேத்து அச்சடிச்ச மாதிரி மின்னுது. மேல கேம் செஞ்ச கம்பெனியோட பேரு, முத்திரை. யாரு அச்சடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் நாத்தனார், "நான்தான் சார்" என்றாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள், பாவி மகள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

"கம்பெனி உங்களுக்கு அனுமதி குடுத்துச்சா?"

"இல்ல சார். உள்ள இருக்கறது அசல். வேணும்னா பிரிச்சுப் பாருங்க."

"உள்ள இருக்கறது எனக்குத் தெரியாதும்மா. ஊர் பேர் தெரியாத ஆளு காப்பி அடிச்சு, இதே மாதிரி லேபிள் ஒட்டி, அசல்னு அனுப்பறான். தினம் பிடிக்கிறேன். உங்களுதை மட்டும் நான் எப்படி நம்பறது?"

சண்டை போடத்தான் போயிருந்தேன். ஆனால் அந்த மனிதர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வெளியே வந்து என் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் வக்கீல்.

"அக்கா, சாமான் அசல்தான். மேல ஒட்டினதுதான் போலி" என்றான் அவன். "அழகுக்குத்தான் ஒட்டினோம்னு சொன்னாலும் கம்பெனி முத்திரையை இஷ்டத்துக்கு அச்சடிக்கக் கூடாது. கேஸ் நடத்தலாம், ரிப்பேர் வேலைன்னு வாதாடலாம். ஆனா முடியற வரைக்கும் பெட்டி அங்கயேதான் கிடக்கும். ஜெயிப்போமான்னும் சொல்ல முடியாது."

"வேற வழி?"

"போலியைப் பிரிச்சு எடுத்து அவங்ககிட்டயே குடுத்துடுங்க. அசலைக் காட்டுங்க. பழைய லேபிள் இருக்குல்ல அடியில?"

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாள் உட்கார்ந்து ஒட்டினதை அவள் கையாலேயே உரிக்க வேண்டும்.

"கிழிஞ்சதும் கறையுமா திருப்பிக் குடுத்தா அவர் என்னைப் பத்தி என்ன நினைப்பார் அண்ணி? நல்லா வேலை செய்யறவள்னு நம்பி அனுப்பினாரே."

"அடியேய்! அவர் உன்கிட்ட என்ன கேட்டாரு? திரும்பி வரணும்னு கேட்டாரு. பளபளன்னு வரணும்னா கேட்டாரு? உன் லேபிளு முக்கியமா, அவர் கேசட்டு முக்கியமா? சொல்லு!"

தெருவில் நான் போட்ட சத்தத்தில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் அப்படிக் கத்தினோம் என்று எனக்கே கஷ்டமாகப் போய்விட்டது. பக்கத்துக் கடையில் ஆளுக்கு ஒரு டீ வாங்கினேன். அவள் பாதி குடித்துவிட்டு, "ஹேர் ட்ரையர் எடுத்துட்டு வரணும் அண்ணி. சூடு காட்டினாத்தான் ஓரம் விடும்" என்றாள். அவ்வளவுதான், அவளுக்கு அழுகையே வேலையில்தான் நிற்கும்.

மறுநாள் அதிகாரி தன் மேசையருகே பிளக்கைக் காட்டினார். அவள் முதல் கேசட்டின் ஓரத்தில் சூடு காட்டி, நகத்தால் நெம்பி மெல்ல உரித்தாள். புது லேபிள் முழுசாக வந்தது, வழவழத் தாள் வந்தது, அடியில் பழைய லேபிள் எந்தச் சேதமும் இல்லாமல், அதாவது பழைய சேதமெல்லாம் அப்படியே இருக்க, எட்டிப் பார்த்தது. வலது மூலை கிழிந்து, ஏதோ காபிக் கறை வேறு. அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"பழசை ஏன்மா எடுக்காம விட்டீங்க?"

"சுரண்டினா கோடு விழும் சார்."

அடுத்து மூன்று கேசட்டை அவரே பொறுக்கிக் கொடுத்துத் திறக்கச் சொன்னார். சிறப்புத் திருகாணி, அதற்கான திருப்புளி அவளிடம் இருந்தது. உள்ளே போர்டில் கம்பெனியின் முத்திரை, தயாரித்த வருஷம் எல்லாம் இருந்தன. அவர் டார்ச் அடித்துப் பார்த்துத் தலையாட்டினார். "சரி, மிச்சத்தையும் உரிங்க. உரிச்சது எல்லாம் எங்க கணக்கு" என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். அவள் உரிக்க உரிக்க அந்தப் பை நிறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றையும் பைக்குள் போடும் முன்பு ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போட்டாள். பார்க்கச் சகிக்காமல் நான் எக்ஸ்ரே மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் அதிகாரி பையை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "வேலை சுத்தமாத்தான் இருக்கும்மா. கம்பெனி முத்திரை இல்லாம உங்க சொந்தப் பேரைப் போட்டு அச்சடிங்க, யாரும் தடுக்க மாட்டாங்க" என்றார். பெட்டி அன்றே விமானத்துக்குப் போயிற்று.

அதன்பிறகு பின்னறையில் விளக்கு எரிந்தது, வேலை நடக்கவில்லை. ஐயா என்ன சொல்லுவாரோ என்று அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்திக்கொண்டு நாமே சொல்லிவிடலாம் என்றால், "எப்படி அண்ணி சொல்றது?" என்று கையைப் பிசைந்தாள். கடைசியில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அம்மா, பெட்டி வந்துருச்சு. பிரிச்சு ஒவ்வொண்ணா தடவிப் பாத்தேன். எல்லாம் இருக்கு."

"தடவியா?" என்றேன் நான்.

"மூலை கிழிஞ்சது ரேஸு. குறுக்க கீறல் ஓடறது சண்டை. பாதி உரிஞ்சு சொரசொரன்னு இருக்கறது மலையேத்தம். உங்ககிட்ட சொல்லல பாருங்க, எனக்குக் கண்ணு போயிருச்சும்மா. பஸ்ஸை விட்டதே அதனாலதான். இப்ப வெளிச்சமா இருட்டான்னு மட்டும் தெரியும். சத்தத்தை வச்சே ஆடிடுவேன், அதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா எந்தக் கேசட்டு எதுன்னு கிழிசலைத் தடவித்தான் கண்டுபிடிப்பேன். நீங்க போட்டோ அனுப்பியிருந்தீங்களாமே? முந்தாநாளு என் மக வந்தப்பதான் போனைப் பாத்துட்டு, 'அப்பா, எல்லாத்துக்கும் புது லேபிள் ஒட்டறாங்களாம், வழவழன்னு சூப்பரா இருக்கு'ன்னா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சும்மா. எல்லாம் ஒரே மாதிரி வந்துட்டா நான் என்னத்தைன்னு எடுப்பேன்? பெட்டியைப் பிரிக்கவே கை வரல. பிரிச்சுக் கையை வச்சா, என் கிழிசல் எல்லாம் அப்படியே இருக்கு. எப்படிம்மா தெரிஞ்சுது உங்களுக்கு?"

என் நாத்தனார் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன், அதை ஒப்புக்கொள்வதில் எனக்கென்ன வெட்கம்? எங்களுக்கு ஒன்றும் தெரியாது ஐயா என்று அவள் போனை எடுத்து லேபிள், சுங்கம், ஹேர் ட்ரையர் என்று நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். பதிலுக்கு வந்த மெசேஜில் முதல் பாதி முழுக்கச் சிரிப்புதான். பின்னால் மெஷினில் அடி விழும் சத்தமும், 'டண்டணக்கா' என்று ஒரு பாட்டும் கேட்டன. மிச்சப் பாதியில், பந்து விளையாட்டு கேம் ஏதாவது உங்களிடம் விலைக்கு இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்.

"ஆனா ஒண்ணு. லேபிள் முழுசா இருந்தா ஒரு மூலையைக் கிழிச்சுட்டு அனுப்புங்க. மேல வலது பக்கம் வேண்டாம், அது ரேஸு. கீழ இடது பக்கம் காலியா இருக்கு."

அவளிடம் ஒரு பந்து கேம் இருந்தது. எங்கள் அலமாரியிலேயே லேபிள் குலையாமல் இருந்த ஒரே கேசட், விற்க மனசு வராமல் வைத்திருந்தாள். அதை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிளேடை எடுத்தாள், கீழே வைத்தாள்.

"என்ன தாயே, நல்ல நேரம் பாக்கறியா?" என்றேன்.

"பேசாம இருங்க அண்ணி."

நகத்தாலேயே கீழ் இடது மூலையை நெம்பிப் பிடித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு 'சர்'ரென்று கிழித்தாள். மூடிய கண்ணோடு கட்டை விரலால் அந்த இடத்தை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நானும் கண்ணை மூடித் தடவினேன்.

"பத்தலடி. இன்னும் கொஞ்சம் கிழி."

இன்னும் கொஞ்சம் கிழித்தாள். நான் பெட்டி கட்டி, சுங்கத்துக்குப் பேப்பரை எடுத்து எழுதினேன்: பழைய வீடியோ கேம், ஒன்று. அசல். லேபிள் கிழிந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன்.